மேலாளும் அடுத்தாளும்: ஒரு ஹாக்கி அணியின் முகப்பில் நடக்கும் சண்டை

காரைக்குடியில் ‘ஃபிரண்ட் ஆபீஸ்’ என்றால் ஹோட்டல் வரவேற்பு மேசை. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் ஹோட்டலாக மாறத் தொடங்கியதிலிருந்து, கேட்டரிங் படித்த பிள்ளைகள் “ஃபிரண்ட் ஆபீஸ்ல வேலை” என்று சொல்லிக் கேட்டுக் காது பழகிவிட்டது. அதனால்தான் 2023 மே மாதம் டொரோன்டோவிலிருந்து ஆச்சி மகன் (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா) போன் போட்டு, “அம்மான், எங்க டீம்ல ஃபிரண்ட் ஆபீஸ் சண்டை, மேனேஜரைத் தூக்கிட்டாங்க” என்றபோது, யாரோ விருந்தாளி ரூம் சாவியைத் தொலைத்த தகராறு என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னது ஹாக்கி அணியை. நம் கோவில்பட்டிப் பையன்கள் ஆடுகிற புல்தரை ஹாக்கி இல்லை. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி. மார்கழியில்கூட ஊருணித் தண்ணீர் உறையாத ஊர்க்காரனுக்கு அதில் என்ன ஒட்டுதல் வரும்? ஆனால் அதற்கு முந்தைய வருஷம்தான் அவன் டொரோன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நீலச் சட்டை ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். முதுகில் 16 என்ற எண், மேலே ‘மார்னர்’ என்ற பெயர். கம்பளி மாதிரி கனம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு செக்காலை ரோட்டில் நடந்தால் மயக்கம்தான் வரும். பட்டாலைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஆகவே கொஞ்சம் கடமைப்பட்டவனாகிவிட்டேன். என்ன சண்டை என்று கேட்டேன், பிறகு நானே தேடிப் படித்தேன். படித்த வரையில், இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை.

நம் வீட்டு அமைப்பை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். முகப்பில் உட்கார்ந்து கணக்கு வழக்கு பேசுவார்கள்; உள்ளே வளவில் கல்யாணமும் சாந்தியும் நடக்கும். ஹாக்கியில் ஆட்டம் நடக்கிற பனித்தரை வளவு. டி.வி.யில் தெரிவது அது மட்டும்தான். எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம், பயிற்சியாளர் இருப்பாரா போவாரா என்பதெல்லாம் முகப்பில் முடிவாகும். அந்த முகப்புக்குப் பெயர்தான் ஃபிரண்ட் ஆபீஸ்.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்? எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். அவர் சொல்லும் கடை அமைப்பு இதுதான்: முதலாளி ஊரில் இருப்பார். ரங்கூனில் அவர் பேரில் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு; போகும்போதே சம்பளச்சீட்டு எழுதியாகிவிடும். நேஷனல் ஹாக்கி லீக்கில் இருக்கிற 32 அணிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். அணியின் உரிமையாளர் முதலாளி. ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜி.எம்., மேலாள். உதவி ஜி.எம். அடுத்தாள். இதற்கு மேல் பல அணிகளில் இன்னொரு நாற்காலி உண்டு: ஹாக்கி விவகாரங்களுக்கான தலைவர். முதலாளிக்கும் மேலாளுக்கும் நடுவில் உட்காருகிறவர். பயிற்சியாளரும், ஊர் ஊராகப் போய் இளம் வீரர்களைப் பார்த்து எழுதும் ஸ்கவுட்டுகளும் ஜி.எம்.முக்குக் கீழே. ஸ்கவுட்டுகளுக்கு நம் கடையில் ஒப்பான ஆள் கிடையாது. மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பல்லைப் பார்த்து வயசு சொல்கிற ஆளை வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம்.

சண்டை எங்கே வருகிறது? கெட்டவன் நல்லவன் என்று ஆளைப் பார்த்துப் பேசினால் பிடிபடாது. இந்த ஆட்கள் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு காலண்டர் இருக்கிறது, அங்கேதான் ஆரம்பம்.

பயிற்சியாளருக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முக்கியம். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஜி.எம்.முக்குத் தன் ஒப்பந்தக் காலம் முக்கியம். ஸ்கவுட் தேர்ந்தெடுப்பது 18 வயதுப் பையனை. அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுக்கொரு முறை ஏழு சுற்றுகளாக நடக்கும்; அதில் எடுக்கும் அந்தப் பையன் ஆளாகி வர மூன்று நாலு வருஷம் பிடிக்கும். முதலாளிக்குப் பிளே-ஆஃப், அதாவது வழக்கமான பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள், முக்கியம். வீரர்களின் சம்பளம் வழக்கமான பருவத்தோடு முடிந்துவிடுவதால், பிளே-ஆஃபில் சொந்த ஊரில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்தின் டிக்கெட் பணமும் பெரும்பாலும் அவருக்கு லாபம்.

இப்போது மாசி பங்குனி வாக்கில், வீரர்களைக் கைமாற்றும் கடைசித் தேதி நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர், “அனுபவமான ஒரு சென்டர் ஆட்டக்காரர் இருந்தால் இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்” என்கிறார். எதிரணி கேட்கும் விலை, வரப்போகிற டிராஃப்டில் நம் முதல் சுற்றுத் தேர்வு உரிமை. அதாவது நாலு வருஷம் கழித்து ஆடப்போகிற ஒரு நல்ல பையன். ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிற ஜி.எம். அதைக் கொடுக்கத் தயங்குவாரா? அந்தப் பையன் ஆட வரும்போது நாற்காலியில் தாம் இருப்போமா என்பதே அவருக்குத் தெரியாது. விதைநெல்லை எடுத்துச் சமைத்தாலும் இன்றைக்குப் பந்தி நிறைந்தால் சரி. தடுக்க வேண்டியவர் மேலே இருக்கிற தலைவர். அவர் தடுத்தால், “என் வேலையில் கை வைக்கிறார்” என்று இவர் புழுங்குவார். தடுக்காவிட்டால் நாலு வருஷம் கழித்து, “நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று முதலாளி கேட்பார். யாருமே தப்பானவராக இல்லாமல் வருகிற சண்டை இது.

சம்பள உச்சவரம்பு இதை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு முற்றி 2004-05 பருவம் முழுக்க ரத்தானது. அதன் பிறகு 2005-06இல் ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் என்று கட்டு போட்டார்கள். 2025-26இல் அது 9 கோடியே 55 லட்சம். எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. முன்பெல்லாம் தப்பான ஆளை எடுத்துவிட்டால் முதலாளி இன்னொரு பையைத் திறந்து வேறு ஆளை வாங்கிவிடலாம். இப்போது ஒரு வீரருக்கு ஏழெட்டு வருஷ ஒப்பந்தத்தில் ஏமாந்தால், அந்த ஓட்டை வருஷா வருஷம் கூடவே வரும். தவறுக்கு விலை கூடியதும், அந்தத் தவறு யாருடையது என்ற கேள்விக்கும் விலை கூடிவிட்டது.

முதலாளியே நேராகக் கை வைத்த கதையும் உண்டு. ஐஸ் ஹாக்கி பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட வெய்ன் கிரெட்ஸ்கி பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு நாலு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நாலாவது கோப்பை 1988 மே மாதம். அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்குச் சில வீரர்கள், முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்று, கூடவே ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கம். ஜி.எம்.மும் பயிற்சியாளருமாக இருந்த கிளென் சேதருக்கு இதில் சம்மதமே இல்லை. என்ன செய்வது, கல்லாப்பெட்டிச் சாவி வேறு இடுப்பில் இருந்தது. 1990இல் கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மன்டன் இன்னொரு கோப்பையை வாங்கியது தனிக் கதை.

எனக்கு இந்த விஷயத்தைச் சரியாக விளங்க வைத்தவர் டேல் டாலன். பெரிய பெயர் இல்லை. ஆனால் முகப்புச் சண்டையில் ஓர் ஆளுக்கு நேரக்கூடியது ஏறக்குறைய எல்லாமே இவருக்கு நேர்ந்திருக்கிறது.

அவர் சிகாகோ பிளாக்ஹாக்ஸின் ஜி.எம். கீழே கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். ஜொனாதன் டேவ்ஸையும் பேட்ரிக் கேனையும் டிராஃப்டில் எடுத்தது அவர் காலத்தில். 2009 கோடையில், சில இளம் வீரர்களுக்கு அனுப்ப வேண்டிய ஒப்பந்தக் கடிதங்கள் உரிய நேரத்தில் போகவில்லை என்று ஒரு குழப்பம். அதே ஜூலையில் டாலன் பதவி போனது. அந்த நாற்காலிக்கு வந்தவர் அடுத்தாளாக இருந்த ஸ்டான் போமன். ஸ்டானின் அப்பா ஸ்காட்டி போமன் பயிற்சியாளர்களில் பெரும்புள்ளி. அப்போது அதே சிகாகோ அணிக்கு ஆலோசகர். நான் ஒன்றும் சொல்லவில்லை, நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அடுத்த ஆண்டு, 2010இல், சிகாகோ கோப்பையை வென்றது. நட்டவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்.

டாலன் அதே 2010இல் புளோரிடா பாந்தர்ஸுக்கு ஜி.எம். ஆகப் போனார். மெல்ல மெல்ல அணி தேறி, 2015-16இல் ஜெரார்ட் கலாண்ட் என்ற பயிற்சியாளரின் கீழ் 47 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம். அந்த வெற்றிக்குப் பரிசாக டாலனுக்குப் பதவி உயர்வு. தலைவர் ஆக்கினார்கள், ஜி.எம். நாற்காலி டாம் ரோ கைக்குப் போனது. இந்த ‘உயர்வு’ இருக்கிறதே, இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரியவரை நடுவீட்டில் ஊஞ்சலில் உட்கார வைத்து மரியாதை செய்வார்கள். சாவி மட்டும் மருமகள் கையில் இருக்கும். அணியின் புதிய நிர்வாகம் புள்ளிவிவரத்தை நம்பியது. கண்ணால் பார்த்து ஆள் எடுக்கும் பழைய தலைமுறைக்கும் கணக்குப் போட்டு எடுக்கும் புதிய தலைமுறைக்கும் நடுவே அந்தக் காலத்தில் பல அணிகளிலும் ஓர் உரசல் இருந்தது. புளோரிடாவில் அது வெளிப்படையாகவே தெரிந்தது.

2016 நவம்பர் 27. கரோலினாவில் ஓர் ஆட்டம் தோற்ற கையோடு கலாண்ட் நீக்கப்பட்டார். சொந்த ஊரில்கூட இல்லை, வெளியூரில். அணியின் பேருந்து வேறு பக்கம் போக, அவர் அரங்குக்கு வெளியே பெட்டியை வைத்துக்கொண்டு டாக்ஸி ஏறும் படம் மறுநாள் எல்லா இடத்திலும் பரவியது. முந்தைய பருவத்தில் அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் இடத்தில் நின்று பயிற்சியளித்தவர் யார் தெரியுமா? ஜி.எம். டாம் ரோவே. அந்தப் பருவத்தில் பிளே-ஆஃபுக்கே போகவில்லை. 2017 வசந்தத்தில் டாலனை மறுபடி ஜி.எம். நாற்காலிக்கே அழைத்து வந்தார்கள்.

இங்கேதான் ஐயா சொல்லும் இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. கணக்கு மாறிப் புதிதாகப் போகும் மேலாள் செய்யும் முதல் வேலை, பழையவர் கொடுத்த கடன்களில் எது வரும், எது வராது என்று பிரிப்பது. அதில் ஒரு சபலம் உண்டாம். பழையவர் கொடுத்ததில் நல்ல கடனையும் சேர்த்து ‘வராது’ பக்கம் எழுதிவிடத் தோன்றும். தன் காலத்தைச் சுத்தமாகத் தொடங்கலாம், பழியும் போனவர் தலையில் விழும்.

2017 ஜூனில் லீக்கில் வேகஸ் கோல்டன் நைட்ஸ் என்ற புது அணி சேர்ந்தது. பழைய அணிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை வேகஸ் எடுத்துக்கொள்ளலாம். தாங்கள் காக்க விரும்பும் குறிப்பிட்ட எண்ணிக்கை வீரர்களை மட்டும் பழைய அணி மறைத்து வைத்துக்கொள்ளலாம். டாலன், ஜொனாதன் மார்ஷெசோவை மறைக்கவில்லை. அந்தப் பருவத்தில் புளோரிடாவுக்கு 30 கோல் போட்டவர் அவர். ரோ காலத்தில் சேர்ந்த ஆள். அதே ரோ காலத்தில் நீண்ட ஒப்பந்தம் பெற்ற ரைலி ஸ்மித்தையும் கூடவே வேகஸுக்கு அனுப்பிவிட்டார்; சம்பளச் சுமை குறைந்தது, கைக்குக் கிடைத்தது ஒரு நாலாம் சுற்றுத் தேர்வு. இதைப் பழிதீர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தான் எழுதாத கணக்கை ஒருவர் எவ்வளவு அலட்சியமாகப் பார்ப்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வேகஸின் முதல் பயிற்சியாளர் யார்? டாக்ஸி ஏறிப் போன அதே கலாண்ட். புத்தம் புதிய அணி முதல் பருவத்திலேயே, 2018இல், இறுதிச் சுற்று வரை போனது. கலாண்டுக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. பிறகு 2023இல் வேகஸ் கோப்பையையே வென்றது. இறுதிச் சுற்றில் தோற்ற அணி புளோரிடா. பிளே-ஆஃபின் மிகச் சிறந்த வீரர் விருது மார்ஷெசோவுக்கு. சினிமாவில் வைத்தால் இயக்குநர் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்போம். (கலாண்டையும் வேகஸ் இடையில் நீக்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சரி, ஆச்சி மகன் போன் செய்த டொரோன்டோ கதைக்கு வருவோம்.

லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967இல். அந்த ஊரில் ஹாக்கி கிட்டத்தட்ட கோவில் காரியம். முதலாளி தனி ஆள் இல்லை, ஒரு நிறுவனம். 2023இல் அதன் பெரும்பங்கு ரோஜர்ஸ், பெல் என்ற இரண்டு தொலைபேசிக் கம்பெனிகள் கையில் இருந்தது. சந்தையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் போட்டியாளர்கள், அணிக்கு மட்டும் பங்காளிகள். பொதுச் சொத்தான பூர்வீக வீட்டுக்குள் நடக்கப் பழகிய நமக்கு அந்தச் சூழ்நிலை நன்றாகவே புரியும். அவர்களுக்குக் கீழே தலைவர் பிரெண்டன் ஷனஹான், ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். 2018இல் மூத்த ஜி.எம். லூ லாமொரெல்லோ விலகியபோது, இரண்டு அடுத்தாட்கள் காத்திருந்தார்கள்: மார்க் ஹண்டர், கைல் டுபாஸ். ஷனஹான் 32 வயது டுபாஸைத் தேர்ந்தெடுத்தார். ஹண்டர் வெளியேறினார். லாமொரெல்லோ நியூயார்க் ஐலண்டர்ஸுக்குத் தலைவராகப் போய், சில வாரங்களிலேயே அங்கிருந்த ஜி.எம்.மை அனுப்பிவிட்டு இரண்டு நாற்காலியிலும் தாமே உட்கார்ந்தார். அவர் அனுபவஸ்தர், நடுவில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

டுபாஸ் துணிச்சலாகச் செலவு செய்தார். 2019-20இல் உச்சவரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். அதில் டவாரெஸ், மாத்யூஸ், மார்னர், நைலாண்டர் என்ற நாலு முன்கள வீரர்களுக்கு மட்டும் 4 கோடிக்கு மேல். நாலு தூணுக்குப் பாதிப் பணம் போனால் ஓடு வேய எங்கே மிஞ்சும்? அணி வழக்கமான பருவத்தில் ஜெயிக்கும், பிளே-ஆஃபில் முதல் சுற்றில் தோற்கும். 2022-23 பருவத்தில் ஷனஹான் ஜி.எம்.முக்குப் புது ஒப்பந்தம் கொடுக்காமல், கடைசி வருஷத்தை அப்படியே ஓட விட்டார். மேலே சொன்னேனே, கடைசி வருஷ மேலாள் விதைநெல்லில் கை வைப்பார் என்று? அந்தப் பிப்ரவரியில் டுபாஸ் 2023, 2025 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்தார். அணியும் 2004க்குப் பிறகு முதல் முறையாக ஒரு சுற்று வென்றது. அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் 4-1 என்று தோல்வி.

மே 15 அன்று டுபாஸ் நிருபர்களிடம் பேசும்போது, அந்த வருஷம் தன் குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று மனசைத் திறந்து சொன்னார். தொடர்வாரா என்பதில் அவரே உறுதியாக இல்லாதது போலத் தெரிந்தது. மே 19 அன்று அவரை ஷனஹான் நீக்கினார். புது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்ததாகவும், அந்தப் பேட்டிக்குப் பிறகு தன் மனம் யோசனையில் விழுந்ததாகவும், டுபாஸ் தரப்பிலிருந்து திருத்திய தொகை ஒன்று வந்ததாகவும் ஷனஹான் நிருபர்களிடம் தேதிவாரியாக விவரித்தார். பணமா, அதிகாரமா, மனத்தாங்கலா? வெளியே இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. சம்பந்தம் பேசும்போது முறிந்துபோனால் ‘வைரம் பத்தவில்லை’ என்பார்கள். உள்ளே வேறொன்று இருந்திருக்கும்.

டுபாஸ் ஜூன் 1 அன்று பிட்ஸ்பர்க் பென்குவின்ஸுக்குத் தலைவராகப் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் ஜி.எம். பொறுப்பையும் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். லாமொரெல்லோ கற்ற பாடம்தான்.

இதையெல்லாம் படித்த பிறகு செய்திகளைப் பார்க்கும்போது சில விஷயங்கள் தானாகக் கண்ணில் படுகின்றன. ஒரு ஜி.எம். கடைசி வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கிறேன். ‘பதவி உயர்வு’, ‘ஆலோசகர்’ என்ற சொற்கள் வந்தால் அந்த ஆள் கையில் இருந்த சாவி யாரிடம் போனது என்று தேடுகிறேன். புது ஜி.எம். வந்தால் அவர் முதலில் விற்பது யார் கொண்டுவந்த வீரரை என்று கவனிக்கிறேன். பயிற்சியாளரைப் பற்றி, “அவர் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது” என்று ஜி.எம். பேட்டி கொடுத்தால், பாவம் அந்த மனிதர்.

நம் நாட்டு ஹாக்கியும் சளைத்ததல்ல. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கி வந்தார்கள். வந்த கையோடு பயிற்சியாளர் எம்.கே. கௌசிக் போனார், தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்த வீரர்கள் பலர் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டார்கள். அங்கே ஜி.எம். செய்வதை இங்கே சம்மேளனம் செய்தது. அதைப் பேச ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

டொரோன்டோவில் 2023 மே மாதம் அவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மார்னரின் ஒப்பந்தத்தில், ஜூலை 1 முதல் அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் மாற்ற முடியாது என்ற பிரிவு அமலுக்கு வரவிருந்தது. அவரை விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய ஜி.எம். நாற்காலி அந்த மே மாதத்தில் காலியாகக் கிடந்தது. மே 31 அன்று பிராட் டிரெலிவிங் புது ஜி.எம். ஆக வந்தார், அவர் கையில் இருந்தது ஒரே மாதம். மார்னர் விற்கப்படவில்லை. 2025 மே மாதம் ஷனஹானின் ஒப்பந்தத்தையும் முதலாளிகள் நீட்டிக்கவில்லை. அந்த ஜூன் கடைசியில் மார்னரும் கிளம்பிவிட்டார். போனது வேகஸுக்கு.

ஆச்சி மகன் அன்று ராத்திரி போன் செய்தான். குரலில் சுரத்தில்லை. “அம்மான், அந்தச் சட்டையைக் கழட்டி வச்சிருங்க” என்றான். நான் கழட்டவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கச் சுவரில் ஓதம் ஏறுகிறது. காரை உதிர்ந்த இடத்தை அதுதான் மறைத்துக்கொண்டிருக்கிறது.